ஆண் மீனை வாளிக்கு மாற்றுதல்

மீன் வளர்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுமை என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது. எனக்குக் கிடைக்காமல் போனது மழைத்தண்ணீர்தான்.

நீங்கள் நேற்றுக் கொடுத்த தாளில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன் ஐயா. மகளிடமிருந்து தொடங்கிவிட்டேன், அதனால். தொடங்க வேண்டியது மீனிடமிருந்து. அப்படித் தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். நான் எழுதப் படித்தது நாற்பத்தாறு வயதில். இப்போது ஐம்பத்து நான்கு. எழுதுவது எனக்கு இன்னமும் மூட்டை சுமக்கிற மாதிரிதான். ஒரு வரியைத் தூக்கி, இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, பிறகு அடுத்த வரி. அதனால் தாமதமாகும். காவலுக்கு நிற்கும் தம்பியிடம் அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் தொழில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. மொட்டை மாடித் தொட்டி, நிலத்தடித் தொட்டி இரண்டும் கழுவுவேன். உள்ளே இறங்கி, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, மருந்துத் தூள் போட்டு அலசி மேலே வர வேண்டும். முப்பது வருடம். என் நகங்கள் வெளுத்திருப்பது அதனால்தான், நோய் இல்லை. மாடித் தொட்டியில் பயம் கிடையாது. நிலத்தடித் தொட்டிக்கு மட்டும் ஒரு முறை உண்டு. நாள்பட மூடிக் கிடந்ததென்றால் உள்ளே காற்று கெட்டிருக்கும். பார்த்தால் தெரியாது, மணமும் வராது. மூடியைத் திறந்து, எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் அன்றைக்கு அங்கே வேலை இல்லை. மூடியைத் திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே இருப்பவன் கையில். இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். என் கூட்டாளியை நெட்டை என்று கூப்பிடுவோம். ஆள் என் தோளுக்குத்தான் வருவான்.

ஒவ்வொரு தொட்டியையும் நோட்டில் எழுதி வைப்பேன். தேதி, இடம், விளக்கு. இந்த மூன்று கட்டத்தையும் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தவள் என் மகள். எழுதச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அதே நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் மீன் கணக்கு. முட்டையிட்ட நாள், தண்ணீரின் சூடு, முட்டை போன நாள்.

மீனுக்கு வருகிறேன்.

குள்ளச் சிக்லிட் என்பார்கள். ஆண் என் சுண்டுவிரல் நீளம், பெண் அதில் பாதி. பெரிய தொட்டி எதுவும் வேண்டாம், இரண்டடித் தொட்டி போதும். கீழே மெல்லிய மணல், நிறைய செடி, ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி, தண்ணீரைப் பால் விடாத டீ நிறத்துக்குக் கொண்டுவரக் காய்ந்த பாதாம் இலை. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் சுண்ணாம்பு அதிகம். மழைத்தண்ணீர்தான் வேண்டும். வேலைக்குப் போகிற மாடிகளில் மழை நாளில் கேன் வைத்துப் பிடித்து, முதுகில் கட்டி எடுத்து வருவேன். நாலு மாடி, அஞ்சு மாடி. பிறத்தியார் வீட்டுத் தண்ணீரை ஆயுசு முழுக்கச் சுத்தம் செய்தவன், எனக்கென்று சுத்தம் செய்தது அந்த இரண்டடிதான்.

ஜோடி எடுக்கக் கடைக்குப் போன நாளில் ஸ்டூல் போட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். சும்மா இருக்க மாட்டார்.

"அண்ணே, மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்ப டீ சொல்றேன். பொண்ணு பாக்க வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

ஆணைத் தேர்ந்தெடுப்பது சுலபம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். முன்னால் வந்து ஆடிக் காட்டுகிறவன் வேண்டாம். துடுப்பு முழுசாக, முதுகு நேராக, மற்றவர்கள் தின்ற பிறகு தின்கிறவனாகப் பார்த்து எடுத்தேன். பெண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தேன். சின்னதாக ஒன்று, வலையைக் கண்டு ஓடாமல் நின்று முறைத்தது. அதை எடுத்தேன்.

இதே கண்ணால்தான் மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுத்தேன். நான் மாடித் தொட்டி கழுவிய ஒரு கட்டடத்தில் அவர் லிஃப்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை, தங்குவது மூன்று பேரோடு ஒரு அறையில். கூப்பிட ஆள் இல்லாதவர் என்பதால் பார்த்த அன்றே என்னை மாமா என்று கூப்பிட்டார். வேர் இல்லாத செடியை எங்கே நட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். மகளுக்கும் பிடித்திருந்தது. பிடிக்காது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அவ்வளவு பிடிக்கும் என்றும் நினைக்கவில்லை.

என் மனைவி பதினோரு வருடமாகத் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காரணம் அவளிடம் இருக்கிறது. நான் கேட்டதில்லை. அப்போது மகளுக்குப் பதினாறு வயது. அம்மாவோடு போகிறாயா என்று கேட்டேன், பேசாமல் நின்றாள். இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து அவளைத் தனியாளாக வளர்த்தது நான்.

முதல் முட்டை எட்டாவது வாரத்தில். பூந்தொட்டியின் உள்கூரையில் சிவப்பாக, கடுகைவிடச் சின்னதாக, நாற்பது இருக்கும். முட்டையிட்டதும் பெண் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். அதுவரை புருஷனாக இருந்தவனைக் கண்டால் ஆகாது. துரத்தித் துரத்திக் கடிக்கும். இரண்டடித் தொட்டியில் அவன் எங்கே போவான். மூலையில் செடிக்குப் பின்னால் துடுப்பு கிழிந்து நின்றான். அவனை வலையில் பிடித்து, பால்கனியில் ஒரு வாளியில் பாதாம் இலை போட்டு விட்டேன். வேலை முடிந்துவிட்டது, இனி அவன் இடைஞ்சல்தான். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் ஒரு முட்டை இல்லை. பெண் வயிறு உப்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

சரி, முதல் தடவை அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆணைத் திரும்பத் தொட்டியில் விட்டு, இரண்டாம் தடவை முட்டையிட்டதும் மறுபடி எடுத்தேன், முட்டை போயிற்று. மூன்றாம் தடவை இலை அதிகம் போட்டேன். நான்காம் தடவை சூட்டை ஒரு டிகிரி குறைத்தேன். ஐந்தாம் தடவை கூட்டினேன். ஆறாம் தடவை மழை இல்லை, ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீரைக் கேனில் சேர்த்து வைத்து ஊற்றினேன். ஏழாம் தடவை தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டி, வீட்டில் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்று சொன்னேன். மகள் நான்கு நாள் மிக்ஸி போடாமல் சமைத்தாள். எட்டாம் தடவை முட்டையில் வெள்ளையாகப் பஞ்சு பிடித்தது. ஒன்பதாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் தின்றுவிட்டது.

ஐயா, ஒரு வேலையைச் செய்கிறபடி செய்து, அது ஒன்பது முறை கைவிட்டுப் போனால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வேலையும் அப்படித்தானே. நான் அழவில்லை. தொட்டியைப் போட்டு உடைக்கவுமில்லை. ஒன்பதாவதும் போன அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பற்கள் மட்டும் நாள் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. நெட்டைதான் கேட்டான், "என்னண்ணே, வாயில ஆணி வச்சிருக்கியா?"

வாளியில் கிடந்த ஆணைப் பார்க்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு வேடிக்கை.

"மாமா, இவரு என்ன தப்பு பண்ணாருன்னு வீட்டவிட்டுத் துரத்திட்டீங்க?"

"தப்பு ஒண்ணுமில்ல மாப்பிள்ள. வேலை முடிஞ்சுது."

"வேலை முடிஞ்சா வாளியா? நானும் கொஞ்சம் சூதானமாத்தான் இருக்கணும் போல."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது.

ஒன்பதாவதும் கைவிட்டுப் போன அந்த வாரத்தில் கடைக்குப் போனேன். மாப்பிள்ளையும் கூட வந்தார். சோடாபுட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க ஆண தூக்குறதுதாண்ணே தப்பு. சண்ட போட வெளியில ஒரு ஆள் இருக்கணும். இருந்தாத்தான் அது முட்டையைக் காபந்து பண்ணும். ஆள் இல்லேன்னா கோவத்த எங்க காட்டும்? திரும்பி முட்டையத்தான் திங்கும்."

"ரெண்டடித் தொட்டில விட்டா அவனைக் கொன்னுடும்."

"கொல்லாதுண்ணே. கொஞ்சம் கடிக்கும். குடும்பம்னா கடிக்காதா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் தண்ணீரோடு கிடந்தவனுக்குத் தண்ணீரைக் கண்ணாடிப் பெட்டியில் விற்கிறவன் பாடம் சொல்கிறான். நான் வெளியே வந்துவிட்டேன். மாப்பிள்ளை மட்டும் உள்ளே நின்று இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். வேறு ஊரில் பெரிய பெரிய கட்டடங்கள் வருகின்றன, லிஃப்ட் வேலைக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறார்கள், குடியிருக்க வீடும் தருகிறார்கள். ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு எண்ணினால் ஏழு வாரம் இருந்தது.

நான் நல்லபடியாகத்தான் பேசினேன். "நீங்க முன்னால போங்க மாப்பிள்ள. கொழந்த பொறந்து மூணு மாசம் ஆவட்டும். நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

"இல்ல மாமா. கொழந்த பொறக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். சேந்தே போறோம். நீங்களும் வாங்களேன். அந்த ஊர்ல தொட்டியே இல்லியா என்ன?"

"மீனு?"

"மீனையும் தூக்கிட்டுப் போவோம். மடியில வச்சுக்கிட்டு நானே வர்றேன்."

மகளைப் பார்த்தேன். பதினாறு வயதில் நின்ற மாதிரி பேசாமல் நிற்பாள் என்று நினைத்தேன். அவள், "சேந்தே போறோம்ப்பா" என்றாள். பேசிவிட்டாள்.

இரண்டடித் தொட்டியில் இருக்கிற செடியும் மண்ணும் தண்ணீரும் கூடிவர ஒரு வருடம் ஆகும் ஐயா. தூக்கிப் போய் வேறு இடத்தில் வைத்தால் அது வேறு தொட்டி. இதை அவருக்கு இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் மீனைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே பத்தாவது முறை முட்டையிட்டது. நான் அங்கேயே இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஆணை எடுத்து வாளியில் விட்டேன். இதுவரை மறுநாள்தான் எடுத்தேன், அதுதான் தாமதம் என்று யோசித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இந்த வாட்டி பொழச்சுக்கும் மாமா. பாருங்க."

அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முட்டை இருந்தது. நான்காம் நாள் முட்டைக்கு வால் முளைத்துத் துடித்தது. ஒன்பதாம் நாள் அம்மாவுக்குப் பின்னால் மேகம் மாதிரி ஐம்பது குஞ்சு நீந்திப் போனது. பெண் அப்படி ஒரு மஞ்சளில் இருந்தது. அடிக்கடி பின்பக்கத்துக்குப் போய், செடிக்கு நடுவே சுவர்ப் பக்கத்தைப் பார்த்துத் துடுப்பை விரித்து முட்டி முட்டி நின்றது. பிறகு திரும்பி வந்து குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டது. அதன் மிடுக்கு அது என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் இறால் முட்டை பொரிக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த இறால் குஞ்சுகளைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மகளும் விட்டாள். அவள் வயிறு தொட்டியின் விளிம்பில் இடித்தது.

நோட்டில் எழுதினேன்: பத்தாவது முறை, ஆணை உடனே எடுத்தது, வெற்றி.

வெற்றி என்ற சொல்லை நான் வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதியது அன்றுதான். எழுதியதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காரியம் நிரூபணமாகிவிட்டால் பிறகு அதில் தயக்கம் இருக்காது. பெண்ணும் குஞ்சும் தொட்டியிலேயே இருக்க வேண்டும். ஆணை எடுத்துவிட வேண்டும். நேரத்தோடு எடுக்க வேண்டும். இதில் பகை எதுவும் இல்லை. வாளியில் இருந்த மீனிடமும் எனக்குப் பகை இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டைக்குக் காய்ச்சல். மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள், எட்டு மாதமாக மூடியிருந்த நிலத்தடித் தொட்டியைக் கழுவ வேண்டும். ஆள் இல்லை என்று நான் போனில் பேசியதை மாப்பிள்ளை கேட்டார்.

"நான் வர்றேன் மாமா. லிஃப்ட்டு குழியில எறங்கி எறங்கி வளந்தவன். ஊருக்குப் போறதுக்கு முன்னால மாமாகூட ஒரு நாள் வேலை பாத்தேன்னு இருக்கட்டும்."

மகள், "அவருக்குத் தெரியாதுப்பா, பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பத்து மணிக்கு அச்சகத்தின் பின்கட்டில் இருந்தோம். மூடியைத் திறந்தேன். தண்ணீர்க் குழாயை இழுத்து வர அவர் வண்டிக்குப் போனார். நான் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினேன். ஆறடி போவதற்குள் அணைந்தது. தூக்கி ஏற்றி மறுபடி இறக்கினேன், அணைந்தது. மூன்றாம் முறை மெதுவாக இறக்கிப் பார்த்தேன். எரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எரிந்திருந்தால் கழுவிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்போம். அது மூன்று முறையும் அணைந்தது. அதை நான் செய்யவில்லை.

அவர் வந்தபோது விளக்கை மறுபடி ஏற்றி, எரியும்படி மூடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இடுப்புக் கயிறு வண்டியில் இருந்தது. எடுத்து வரச் சொல்லவில்லை.

"எறங்கலாமா மாமா?"

"எறங்குங்க மாப்பிள்ள."

வேறு ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. பிடித்துத் தள்ளவில்லை, கையால் தொடவில்லை. ஏணியில் ஏழு படி இறங்கியதும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "மாமா, ஒரு மாதிரி..." என்றார். அப்போதும் அவர் முகத்தில் கேள்விதான் இருந்தது, என் மேல் சந்தேகம் இல்லை. பிறகு படியில் இருந்து கை விட்டுவிட்டது. சத்தம் பெரிதாக இல்லை, உள்ளே சேறு.

குழாயை நன்றாகச் சுருட்டி ஓரமாக வைத்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் போன பிறகு தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். ஓடியது பொய் இல்லை. கால் நிஜமாகவே ஓடியது.

அப்போது வந்த அதிகாரி நீங்கள் இல்லை. அவர் என் தோளில் கை வைத்து, "பெரியவரே, மனசத் தேத்திக்குங்க" என்றார். தேற்றிக்கொண்டேன்.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தொட்டி வேலையின் முறை எல்லாம் அவளுக்குத் தெரியும், கட்டம் போட்டவள் அவள்தானே.

"அப்பா, வெளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா."

அன்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வழக்கம்போல எழுதினேன். தேதி. அச்சகம், நிலத்தடித் தொட்டி. விளக்கு: அணைந்தது, அணைந்தது, அணைந்தது. ஏன் எழுதினாய் என்று நீங்கள் நேற்று மேசையில் தட்டிக் கேட்டீர்கள். பொய் சொல்ல நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன் ஐயா. எழுதக் கற்றது நாற்பத்தாறில். பொய்யை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள் வீடு ஒழுங்காக இருந்தது. ஒன்றாம் தேதி வந்தது, போனது. மகள் எங்கேயும் போகவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். குஞ்சுகள் ஒரு விரல்கட்டை நீளம் ஆகி நிறம் காட்டத் தொடங்கின. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் மனம் மாறட்டும் என்று, நான் வேலைக்குப் போகும்போது குஞ்சுக்குத் தீனி போடும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். போட்டதும் நோட்டில் நேரத்தைக் குறித்து வை என்றும் சொன்னேன். பின்பக்கமாகத் திருப்பி எழுத வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தபோது மேசையில் நோட்டு முன்பக்கமாக விரிந்திருந்தது. மகளின் பெட்டி கதவோரம் நின்றது. வாசலில் என் மனைவி. பதினோரு வருடம் கழித்து வந்தவள் படிக்குள் காலை வைக்கவில்லை.

மகள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"ஒங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தது நான்தான்ப்பா. நல்லா எழுதியிருக்கீங்க. மூணு தடவையும் ஒரு தப்பு இல்ல."

அவள் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டாள். பரக்கென்று எதையோ பிய்த்து எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நான்கு மூலையிலும் கறுப்பு டேப், மாப்பிள்ளை வயருக்குச் சுற்றுகிற டேப்.

"அந்தக் கடைக்காரரு சொல்லி அவரு ஒட்டி வச்சது. பொண்ணு மீனு அதுல தெரியிற தன்னையே வேற மீனுன்னு நெனச்சு சண்ட போட்டுக்கிட்டு முட்டையக் காப்பாத்திச்சு. ஆண வாளியில விட்டதால இல்ல. மாமாகிட்ட சொல்லாத, அவரே ஜெயிச்சதா இருக்கட்டும், பாவம் ஒம்போது தடவ தோத்த மனுஷன்னு சொன்னாரு."

என் மனைவி வாசலில் இருந்தபடியே, "வாம்மா. அவருகிட்ட பேசி ஒண்ணும் ஆவாது. நான் பேசிப் பாத்தவ" என்றாள்.

போய்விட்டார்கள். நோட்டை மகள் எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை விட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் வந்தது அதற்கு இருபத்திரண்டு நாள் கழித்து. நடுவில் அவள் என்ன யோசித்தாளோ தெரியாது. நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, எழுத்து என்னுடையது, மறுக்கவில்லை. விளக்கு அணைந்தது தெரிந்தே அவரை இறங்கச் சொன்னேன். அவர் செத்துப்போவார் என்று தெரிந்து சொன்னேன். சாக வேண்டும் என்று சொன்னேன். இதற்கு மேல் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை. கீழே கையெழுத்தே போடுகிறேன், கைநாட்டு வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. என் வீட்டைச் சோதனை போடும்போது மீன் தொட்டியின் ஸ்டாண்டை அசைக்க வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். அதன் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கிறது, உருவினால் தொட்டி சாய்ந்துவிடும். அது ஒரு கடிதம். மகளுக்கு இருபது வயதில் வெளியூரில் வேலை கொடுத்து வந்தது. நான் எழுத்துக் கூட்டித் தொடக்கம் முதல் கடைசி வரை தனியாக வாசித்த முதல் கடிதம் அதுதான். ஒரு மணி நேரம் பிடித்தது. அவளிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கலாம். அன்றைக்கு ஸ்டாண்டின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, மீன். குஞ்சுகளைச் சோடாபுட்டியிடம் கொடுத்துவிட்டு, வாளியில் இருந்த ஆணை மறுபடி தொட்டியில் விட்டேன். நீங்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால் பதினோராவது முறை முட்டையிட்டது. கண்ணாடி மேசையில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. பிறர் ஒட்டி வைத்த தந்திரம் எனக்கு எதற்கு, என் முறையில் செய்து காட்டலாம் என்று ஆணை உடனே எடுத்து வாளியில் விட்டேன். மறுநாள் முட்டை இருந்தது. அதற்கு மறுநாள் ஒன்றுகூட இல்லை.

என்னிடம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை ஐயா. ஒரு தவறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அன்று கடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தும், நான் பெண் மீனைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை.